படிக்கிற தாய்க்கு நேரம் யார் தருவது?

(ஆதரவாளர் தினக் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற செய்தி மடலின் கடைசிப் பக்கத்தில் செவிலியர் மேற்படிப்பு நிதி என்று நான்கு வரி அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. அதை வாசித்த ஒரு பெரியவர் எனக்குக் கடிதம் எழுதினார். நம் ஊழியத்தை நெடுங்காலமாகத் தாங்கிவருகிறவர். கட்டில் வாங்கக் கேட்டபோது கொடுத்தார், ஏழை நோயாளிகளின் மருந்துக்குக் கேட்டபோதும் கொடுத்தார். இந்த முறை மட்டும் அவருக்கு ஒரு சந்தேகம். "நர்சு ஏற்கெனவே படித்துத்தானே நர்சானார்? இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு மேற்படிப்பு என்ன அவசியம்? அதுவும் தபாலில் படிக்கிற படிப்புக்கு நாம் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?" என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். உங்களில் பலருடைய மனதிலும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால், அவருடைய அனுமதியோடு, எனக்குத் தரப்பட்டிருக்கும் இந்த அரை மணி நேரத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அவசியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய வளாகத்தில் ஒரு செவிலியர் பள்ளி இருக்கிறது. பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. பள்ளி கல்லூரியாக உயர வேண்டுமானால் உதவிப் பேராசிரியர் முதல் முதல்வர் வரை எல்லாரும் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நகரத்தில் கிடைப்பார்கள். நம்மைப் போன்ற சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் கொடுத்தால் இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள், ஒருவர் சேருவார், ஆறு மாதத்தில் போய்விடுவார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கணவரின் வேலை என்று இருக்கிறது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்து, இங்கேயே பயிற்சி பெற்று, இங்கேயே குடும்பமாகிவிட்ட சகோதரிகள் படித்து உயர்ந்தால்தான் பள்ளி நிலைக்கும். பள்ளி நிலைத்தால்தான் வார்டுகளுக்கு நர்சுகள் கிடைப்பார்கள்.

இது மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய கவலையும் அல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே 1946இல் செவிலியர் படிப்பு பட்டப்படிப்பாயிற்று. டில்லியிலும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. நர்சுக்குப் பட்டம் எதற்கு என்று அன்றைக்கும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். வேலூரில் பயின்று வந்த செவிலியர்களின் கையால் மருந்து வாங்காத மாவட்டம் நம் பக்கத்தில் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, "தபாலில் படிப்பது" என்பதைக் குறித்து. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985இல் பாராளுமன்றச் சட்டத்தால் உண்டானது. பணியில் இருக்கும் டிப்ளமோ நர்சுகள் பட்டம் பெறுவதற்காக அது 1994இல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்ற படிப்பைத் தொடங்கியது. கல்லூரியில் தங்கிப் படித்தால் இரண்டு ஆண்டு. இக்னோ வழியில் குறைந்தது மூன்று ஆண்டு. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். வீட்டுக்குப் பாடப்புத்தகங்கள் பார்சலில் வரும், அது உண்மை. ஆனால் அதோடு முடிவதில்லை. படிப்பு மையத்துக்கு நேரில் போய் வகுப்பில் உட்கார வேண்டும். செய்முறைப் பயிற்சிக்கு வராமல் இருக்க முடியாது. செய்த ஒவ்வொரு காரியத்தையும் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒப்படைப்புகளைக் கையால் எழுதி அனுப்ப வேண்டும். ஆண்டில் ஜூன், டிசம்பர் என இரண்டு முறை தேர்வு வரும். நோயாளியைத் தொடாமல் செவிலியப் படிப்பு ஏது? ஆகவே தபால் என்ற சொல்லைக் கேட்டு இது இலகுவான படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சபைகளிலும் நர்சுகள் இருக்கிறார்கள். எம்.எஸ்சி. நர்சிங் என்ற முதுநிலைப் படிப்பை நம் நாட்டில் தொலைநிலை முறையில் படித்தால் இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்ளாது. அது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. வேலையை விடாமல், வீட்டிலிருந்தபடியே எம்.எஸ்சி. நர்சிங் என்று யாராவது துண்டுப் பிரசுரம் கொடுத்தால் பணம் கட்டும் முன்பு மாநில நர்சிங் கவுன்சிலில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். வேறொரு ஊரில் வேலை செய்த ஒரு சகோதரி, தாலிச் சங்கிலியை அடகு வைத்து, வெளிமாநில நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு தவணை கட்டினார். கையில் ஒரு காகிதம் வந்தது. அதை எந்தக் கல்லூரியும் ஏற்கவில்லை. அவர் என் முன்னால் உட்கார்ந்து அழுதபோது அவருக்குப் பணத்தைவிடப் போன இரண்டு ஆண்டுதான் பெரிய துக்கமாக இருந்தது. அந்த இரண்டு ஆண்டும் இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தவர் அவர்.

பட்டம் பெற்ற செவிலியர்கள் தொலைநிலையில் முறையாகப் படிக்கக்கூடிய முதுநிலை டிப்ளமோக்களும் உண்டு. மருத்துவமனை நிர்வாகம் குறித்த இக்னோவின் டிப்ளமோ அதற்கு ஓர் உதாரணம். வார்டு நிர்வாகத்துக்கு அது பிரயோஜனம், ஆனால் கல்லூரியில் கற்பிக்கும் பதவிக்கு எம்.எஸ்சி. நர்சிங்கின் இடத்தில் அது நிற்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில செவிலியத்தில் முதுநிலைப் படிப்பைப் பகுதி நேரமாகவும் தொலைவிலிருந்தும் நடத்துகின்றன. நம் பள்ளியில் படித்துப் பிரிட்டனில் வேலை செய்யும் ஒரு மகள் இப்படிப் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொலைபேசியில் பேசினாள். "ஐயா, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எப்படிப் படிக்கிறாய் என்று கேட்கிறீர்கள். இங்கே என் டியூட்டி பட்டியலிலேயே படிப்பு நாள் என்று எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் முடிகிறது" என்றாள். அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. இன்றைக்கு நான் பேசுவதெல்லாம் அதைக் குறித்துத்தான்.

இப்போது நம் சகோதரி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வார்டில் இருக்கிறார், இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். தகப்பனார் செங்கல் சூளையில் கணக்கு எழுதியவர். நம் பள்ளியில், அந்நாளில் மூன்றரை ஆண்டாக இருந்த டிப்ளமோவை முடித்து, இங்கேயே நர்சானார். திருமணம் ஆனது. கணவர் வேன் ஓட்டுகிறார். மகள் இரண்டாம் வகுப்பிலும் மகன் மூன்று வயதிலும் இருந்தபோது, 2017இல், இக்னோ படிப்பில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன் என்று சொல்ல வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

அவருடைய ஒரு நாளைக் கேளுங்கள். இரவு டியூட்டி முடிந்து, காலை ஏழரை மணிக்கு வார்டை ஒப்படைத்துவிட்டு, வேகமாக நடந்து வீட்டுக்குப் போவார். மாமியார் இட்லி ஊற்றி வைத்திருப்பார். மகளுக்குச் சடை பின்னி, டப்பாவில் சோறு கட்டி, வேனில் ஏற்றிவிட்டுக் குளித்துப் படுக்க ஒன்பதரை ஆகும். மகன் தூங்கவிட மாட்டான். அம்மா வீட்டில் இருக்கிறாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? கண்ணிமையைப் பிடித்துத் திறப்பானாம். பகல் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு எழுந்து துணி துவைத்து, மூன்றரைக்கு மகள் வருவதற்குள் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் புத்தகத்துக்கு. அந்தப் புத்தகமோ முழுக்க ஆங்கிலம். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உளவியல். ஒரு பக்கத்தை வாசிக்க அகராதியை எட்டு முறை புரட்ட வேண்டியிருந்தது என்று சொன்னார். வார்டில் வாயால் பேசுகிற ஆங்கிலம் வேறு, காகிதத்தில் நான்கு பக்கம் எழுதுகிற ஆங்கிலம் வேறு.

படிப்பு மையம் ஐந்து மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்தது. செய்முறைப் பயிற்சிக்குப் போனால் பல நாள் அங்கேயே தங்க வேண்டும். முதல் ஆண்டில் அப்படிப் போயிருந்தபோது சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து நம் குழந்தைகள் வார்டிலேயே சேர்த்தோம். பயிற்சியை விட்டு வந்தால் அந்த ஆண்டு போய்விடும். "சிஸ்டர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் முடித்துவிட்டு வாருங்கள்" என்று வார்டிலிருந்து ஒருத்தி மாற்றி ஒருத்தி அவருக்குப் போன் செய்தார்கள். பிள்ளைக்கு ட்ரிப் ஏற்றியதும், கஞ்சி ஊட்டியதும், இரவில் பக்கத்தில் படுத்ததும் அவருடைய கூட்டாளிகள்தாம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவர் பயிற்சியை முடித்துவிட்டு வந்தார். வந்த அன்று மகன் அவரிடம் போகாமல் பாட்டியின் சேலைக்குப் பின்னால் நின்றான்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள், அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் ஆண்டில் லாக் புக்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு அதைக் காணோம். பல மாத வேலையின் கையெழுத்தெல்லாம் அதில்தான். பீரோ, பரண், கட்டிலுக்கடி எல்லாம் தேடினார்கள். கணவர் வேனுக்குள்ளும் போய்ப் பார்த்தார். காலையில் மாமியார் உலைக்கு அரிசி அளக்கப் போனபோது, டிரம்முக்குள் படி அளந்த கையில் புத்தகம் தட்டுப்பட்டது. சின்னவன் ஒளித்து வைத்திருக்கிறான். அது இல்லாவிட்டால் அம்மா ஊருக்குப் போக மாட்டாள் என்று அவன் கணக்கு. அன்று அவர் பஸ் ஏறும் முன்பு இங்கே சிற்றாலயத்துக்கு வந்தார். "ஐயா, இதோடு நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது" என்றார். நான் அவரைத் தேற்றி ஜெபித்தேன். பிறகு மேட்ரனிடம் போனேன். நர்சிங் சூப்பரின்டென்டெண்ட் என்பது இப்போதைய பட்டம், எனக்கு இன்றும் மேட்ரன்தான் வாயில் வருகிறது. இருவரும் உட்கார்ந்து டியூட்டி பட்டியலை எடுத்தோம்.

அங்கேதான் உண்மை தெரிந்தது. அவர் வகுப்புக்குப் போகும் நாட்களையெல்லாம் தமது வாராந்திர ஓய்வையும் ஆண்டு விடுமுறையையும் கொடுத்தே சமாளித்துக்கொண்டிருந்தார். அதாவது அந்த இரண்டு ஆண்டில் அவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இருக்கவே இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று போதிக்கிற நம்முடைய நிறுவனத்தில் இது நடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் இடத்தில் நிற்க மாற்று நர்சு இல்லை, அவ்வளவுதான்.

நாம் தாய்மாரைப் புகழத் தயங்குவதில்லை. அன்னையர் ஞாயிறு வந்தால் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை எடுத்து, இருட்டோடே எழுந்து வேலை செய்கிற அந்தக் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறோம். என்னைப் போன்றவர்கள் 40 ஆண்டாகப் பண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பகுதியில் ஒரு சிறிய விவரம் இருக்கிறது, அதைப் பிரசங்கத்தில் யாரும் எடுப்பதில்லை. அவள் வீட்டில் வேலைக்காரிகள் இருந்தார்கள், அவர்களுக்கும் அவள் படி அளந்தாள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. உதவிக்கு ஆள் இருந்த பெண்ணை உதாரணம் காட்டி, ஆள் இல்லாத பெண்ணை எழுந்திருக்கச் சொல்கிறோம். 2020ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் செவிலியர், தாதியர் ஆண்டு என்று அறிவித்தது, நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த 200ஆம் ஆண்டு என்பதால். அந்த ஆண்டு மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் வாசலில் நின்று கைதட்டினோம், தட்டுகளைத் தட்டினோம். நல்லதுதான். அன்று மாலையும் நம் சிஸ்டர்கள் இரட்டை டியூட்டி பார்த்தார்கள்.

யாத்திராகமத்தில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் என்ன செய்தார்கள்? அவனுக்கு முதலில் உட்காரக் கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் நின்று கைகளைத் தாங்கினார்கள், அதுவும் சூரியன் அஸ்தமிக்கும் வரை. எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

அந்தச் சகோதரிக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. மேட்ரன் அம்மா அவருடைய வகுப்பு நாட்களை மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கி, டியூட்டி பட்டியலில் படிப்பு நாள் என்று சிவப்பு மையில் எழுதினார். அந்த நாட்களுக்கு, ஓய்வுபெற்ற நம் பழைய நர்சுகள் இருவரை நாள் கூலிக்கு அழைத்தோம். அந்தக் கூலி உங்கள் காணிக்கையிலிருந்து போனது. தேர்வுக்கு முன் இரண்டு வாரம் இரவு டியூட்டி போடுவதில்லை என்று தீர்மானித்தோம். இதற்கு மற்ற நர்சுகளிடமிருந்து முணுமுணுப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த இரவுகளை அவர்கள்தானே பார்க்க வேண்டியிருந்தது? அடுத்த ஆண்டு நீ படிக்கும்போது உனக்கும் இதே என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. உங்களோடு இங்கே உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் மூன்று சிஸ்டர்களை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்கினார். அவருக்கு மருத்துவம் தெரியாது. "நீ எனக்குத் தமிழில் சொல்லு, நான் புரிந்துகொள்கிறேனா பார்ப்போம், அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுது" என்பார். அந்த முறை நன்றாகப் பலித்தது. கணவரும் சோறு வடிக்கப் பழகிக்கொண்டார். முதல் மாதம் குழைந்ததாம்.

பிள்ளைக் காப்பகமும் அப்போதுதான் உருவாயிற்று. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் விதித்தது. சட்டம் சொல்லித்தான் செய்தோமா என்று கேட்டால், ஆம், சட்டமும் ஒரு காரணம். பழைய எக்ஸ்ரே அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு ஆயாக்களை வைத்து ஆரம்பித்தோம். வழக்கமான காப்பகம் காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும். நர்சுக்கு அது உதவாது. நம்முடையது காலை ஆறரைக்குத் திறக்கிறது. இரவு டியூட்டி முடித்தவர் பிள்ளையை விட்டுவிட்டு நான்கு மணி நேரம் தூங்கவும் அனுமதி உண்டு.

மூன்றாம் ஆண்டில் கடைசித் தாள்களுக்கு வந்தபோது கொரோனா வந்துவிட்டது. 2020 ஜூனில் நடக்க வேண்டிய தேர்வு செப்டம்பருக்குப் போயிற்று. அந்த மாதங்களில் அவர் காய்ச்சல் வார்டில் இருந்தார். வீட்டுக்குப் போகாமல் விடுதியில் தங்கியவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகள் மாலையில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள், இவர் மாடியிலிருந்து பேசுவார். அப்படி இருந்தும் எழுதினார், தேறினார்.

தேறியதால் என்ன பிரயோஜனம் என்று கடிதம் எழுதிய பெரியவர் கேட்பார். அவர் படித்த பாடங்களில் ஒன்று செவிலிய ஆராய்ச்சி. அதைப் படித்த பிறகு, ஆண்கள் வார்டில் படுத்த படுக்கையாய் வரும் நோயாளிகளில் யாருக்குப் படுக்கைப் புண் வருகிறது, எத்தனையாம் நாளில் வருகிறது, உடம்பில் எந்த இடத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை. சில மாதம் குறித்த பிறகு அந்த நோட்டை டாக்டரிடம் காட்டினார். இரவில், அதுவும் ஒரே நர்சு நிற்கும் இரவுகளில், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது தவறிப்போகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்பது நர்சுகள் எல்லாருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் தவறுகிற நேரத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்குகிறது. புரட்டிய நேரத்தை அதில் எழுத வேண்டும். நோயாளியின் சொந்தக்காரருக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த ஒரு விவசாயி மூன்று வாரம் இங்கே கிடந்து, முதுகில் ஒரு சிவப்புத் தழும்புகூட இல்லாமல் வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி எழுதப் படிக்கத் தெரியாதவர், அட்டையில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். கட்டிலுக்குக் கொடுத்த ஐயா, உங்கள் கட்டிலில்தான் அவர் படுத்திருந்தார்.

மற்றுமொரு கேள்வியும் எனக்கு வருவதுண்டு. படிக்கவைத்தால் வெளிநாடு போய்விடுவார்களே என்பது. சிலர் போவார்கள். பிரிட்டனில் இருக்கிற மகளைப் பற்றிச் சொன்னேனே, அவளும் நம் காணிக்கையில் படித்தவள்தான். கடன்பட்ட குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள், தங்கையைப் படிக்கவைக்கிறாள். அவள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. சில இடங்களில் செய்வதுபோல, அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்து ஆளைப் பிடித்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். நல்ல சம்பளமும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், மேலே படிக்க வழியும் இருந்தால் பாதிப்பேராவது தங்குவார்கள். இல்லாவிட்டால் படிக்காதவர்களும் போய்விடுவார்கள்.

அந்தச் சகோதரி இப்போது எம்.எஸ்சி. படிக்க விரும்புகிறார். மதிப்பெண் தகுதி 55 சதவீதம், அது அவருக்கு இருக்கிறது. அனுபவமும் இருக்கிறது. குழந்தைகள் நலச் செவிலியத்தை எடுக்க ஆசை. தொலைநிலையில் இதற்கு வழியில்லை என்று முன்பே சொன்னேன். தீவிர சிகிச்சைக்கென்று வேலை செய்துகொண்டே படிக்கும் முதுநிலைப் படிப்பு ஒன்றை நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. அது பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கும், நம் ஆறு கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவு அதற்குப் போதாது. ஆகவே அவர் இரண்டு ஆண்டு வெளியூரில் தங்கியே ஆக வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். அரிசி டிரம்மில் லாக் புக்கை ஒளித்த சின்னவனுக்கு இனி எதையும் ஒளித்து வைக்கிற வயது இல்லை, ஆனாலும் அவன் முகம் வாடிவிடுகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. கணவர், "போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். சகோதரி இன்னும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. நான் அவரை வற்புறுத்தவில்லை, நீங்களும் வார்டில் பார்த்தால் வற்புறுத்தாதீர்கள்.

கமிட்டி முடிவு செய்திருப்பது இவ்வளவுதான். அவர் போவதானால் இரண்டு ஆண்டும் அடிப்படைச் சம்பளம் வீட்டுக்குத் தொடர்ந்து போகும், கல்லூரிக் கட்டணத்தில் பாதியை ஆஸ்பத்திரி கட்டும், மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகப் பஸ் கட்டணம் கொடுக்கப்படும், மாலை நேரத்தில் பிள்ளைகள் பாடம் படிக்கத் தலைமையாசிரியை அம்மா வீட்டுக்குப் போகலாம். இக்னோவில் சேரத் தயாராகும் இன்னும் இரண்டு பேருக்கு மாற்று நர்சு கூலி வேண்டும். அந்த நிதி இவற்றுக்குத்தான். கட்டணத்துக்கு மட்டும் கொடுக்கிறேன் என்று எழுத வேண்டாம், மாற்று நர்சு கூலி என்றும் எழுதுங்கள். அதற்குக் கொடுக்கிறவர்கள் குறைவு.

படிவங்கள் பின்வாசல் மேசையில் இருக்கின்றன. பற்றுச்சீட்டு உடனே கிடைக்கும். சாப்பாட்டுக்கு முன் காப்பகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் என்னோடு வாருங்கள். பழைய எக்ஸ்ரே அறை, எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குத் தூங்கிவிடுவார்கள், பக்கத்து அறையில் இரவு டியூட்டி முடித்த இரண்டு சிஸ்டர்களும் தூங்குகிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வர வேண்டும்.